அஜைலை எங்கிருந்து தொடங்குவது: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

அஜைல் என்பது வேலையைச் சிறு துண்டுகளாக முடித்து, அடிக்கடி கஸ்டமர் கையில் கொடுத்துத் திருத்திக்கொள்ளும் முறை. ஐந்து முதல் பத்துப் பேர் உள்ள சேலத்து மென்பொருள் டீம்கள் அதைத் தொடங்குவதற்கான வழிமுறை இது. ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவில் இருந்தாலும், ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி ஹாலில் இருந்தாலும் பழுது ஒன்றுதான். கஸ்டமர்களும் ஏறக்குறைய ஒரே வகை: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடை, லீ பஜார் மண்டி, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி மில், சங்ககிரி லாரி புக்கிங், ஏற்காட்டுக் காபி எஸ்டேட்.

அஜைல் என்று முடிவு எடுத்ததும் எல்லோரும் செய்வது மூன்று: வேலைகளைப் பதியும் டூலான ஜிராவில் கணக்குத் திறப்பது, இரண்டு வார ஸ்பிரின்ட் (வேலையைத் திட்டமிட்டு முடிக்கும் தவணை) என்று அறிவிப்பது, காலையில் வட்டமாக நின்று பேசுவது. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நின்று பேசுவது மட்டும் மிச்சம் இருக்கும். கூட்டத்திலிருந்தும் தொடங்க வேண்டாம், டூலிலிருந்தும் தொடங்க வேண்டாம். வேலை எந்த இடத்தில் நகராமல் நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கே கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு அறிகுறி, அதற்கு நான்கு வாரம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

## எதையும் தொடுவதற்கு முன்: 20 கார்டு

கடைசியாக முடித்துக் கொடுத்த 20 வேலைகளை (ஒரு வேலை ஒரு கார்டு) எக்செல்லில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதி: கஸ்டமர் கேட்ட நாள், ஒருவர் கையில் எடுத்த நாள், கோடு (புரோகிராம்) எழுதி முடிந்த நாள், கஸ்டமர் உண்மையில் பயன்படுத்தத் தொடங்கிய நாள். தேதி நினைவில்லை என்றால் முதல் தேதி வாட்ஸ்அப்பில் இருக்கும், நடு இரண்டும் கிட் கமிட்டில் (கோடு மாற்றங்களின் பதிவில்) இருக்கும், கடைசித் தேதி கஸ்டமர் டேட்டாபேஸின் முதல் என்ட்ரியில் இருக்கும். இரண்டு மணி நேர வேலை.

நான்கு தேதிக்கு இடையே மூன்று இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியையும் சிறியது முதல் பெரியது வரை அடுக்கி, 10-ஆவதற்கும் 11-ஆவதற்கும் நடுவில் உள்ள எண்ணை எடுங்கள். சராசரி போட வேண்டாம். எட்டு மாதம் இழுத்த ஒரே ஒரு வேலை மொத்தக் கணக்கையும் கெடுத்துவிடும்.

- எழுதி முடிந்ததற்கும் பயன்பாட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி: அறிகுறி 1.
- எடுத்ததற்கும் முடித்ததற்கும் இடையே: அறிகுறி 2, பிறகு 3.
- கேட்டதற்கும் எடுத்ததற்கும் இடையே: வரிசை முடிவு செய்ய ஆள் இல்லை. முதலாளியோ அவர் சொல்லும் ஒருவரோ, ஒரே ஒருவர், வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து மேலே உள்ள பத்து கார்டுகளை மட்டும் வரிசைப்படுத்தட்டும். பதினொன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்று இடைவெளியும் சிறியதாக இருந்து, கஸ்டமர் மட்டும் திட்டுகிறார் என்றால் நேராக அறிகுறி 5-க்கோ 6-க்கோ போங்கள்.

## அறிகுறி 1: கோடு முடிந்து நாளாகிறது, கஸ்டமர் கைக்குப் போகவில்லை

"முடிந்தது" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். ஐந்து பேரிடமும் தனித்தனியாக ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, ஒரு வேலை எப்போது முடிந்ததாகக் கணக்கு என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே பதில் வந்தால் அடுத்த காரணத்துக்குப் போகலாம். வராவிட்டால் ஆறு வரியில் பொது விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: கோடு மெயினில் (டீமின் பொது நகலில்) சேர்ந்தது, இன்னொருவர் படித்துப் பார்த்தார், கஸ்டமரின் போன மாத டேட்டா நகலில் ஓட்டினோம், பில் பிரின்ட் சரிபார்த்தோம், லைவ் ஆனது, கஸ்டமர் ஒரு என்ட்ரி போட்டார். ஆறில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கார்டு முடியவில்லை. "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது" என்ற பேச்சையே கார்டுகளை ஒட்டும் போர்டில் ஏற்ற வேண்டாம்.

டெஸ்டிங்குக்கு ஒரே ஆள். அந்தக் கட்டத்தில் எத்தனை கார்டு நிற்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் டெவலப்பர்கள் புதுக் கார்டு எடுப்பதை நிறுத்திவிட்டு டெஸ்டிங்கில் உட்கார வேண்டும். தன் கோடைத் தானே டெஸ்ட் செய்வது கணக்கில் வராது.

ரிலீஸ் என்றாலே பயம். பொதுவாக ஒருவருக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும். அவரைப் படிகளை எழுதச் சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வேறொருவரை அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தாளில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. பத்துப் படிக்கு மேலோ அரை மணி நேரத்துக்கு மேலோ ஆனால் ஸ்கிரிப்ட் எழுத வேண்டிய கட்டம். சனிக்கிழமை சாயந்திர ரிலீஸை அடியோடு விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கும் கஸ்டமருக்கு விடுமுறை கிடையாது.

ஒவ்வொரு கடை கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக நிறுவியிருப்பது. செலவு அதிகம் பிடிக்கும் காரணம் இதுதான். புது வெர்ஷனைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கடை கடையாக பைக்கில் போகும் வரை எந்த ஸ்பிரின்டும் உதவாது. தானாக அப்டேட் ஆகும் வசதியைச் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வெளியாள் எப்போது: டேட்டாபேஸ் அமைப்பு மாறுகிறது, பேக்கப் இருக்கிறது, ஆனால் அதை இதுவரை ஒரு முறைகூடத் திரும்ப ஏற்றிப் பார்த்ததில்லை என்றால். கூப்பிட வேண்டியது டெவ்ஆப்ஸ் (ரிலீஸ், சர்வர், பேக்கப் வேலை) தெரிந்த ஒருவரை. அஜைல் கோச்சுக்கு இங்கே வேலை இல்லை.

## அறிகுறி 2: எல்லோரும் பிஸி, எதுவும் முடிவதில்லை

தொடங்கி முடியாமல் இருக்கும் கார்டுகளை எண்ணுங்கள். "பதிலுக்குக் காத்திருக்கிறது" என்று ஓரத்தில் ஒதுக்கி வைத்தவையும் சேர்த்தி. அதை வாரத்துக்கு எத்தனை முடிகிறது என்ற எண்ணால் வகுங்கள். 18 கார்டு கையில், வாரம் 3 முடிகிறது என்றால் இன்று எடுக்கும் வேலை வெளியே வரச் சராசரியாக 6 வாரம். யாரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லாமலேயே, கையில் உள்ளதை 6 ஆக்கினால் அது 2 வாரம்.

காரணம் 1: கையில் அதிகம். ஐந்து பேர் டீமுக்கு உச்சவரம்பு 6 என்று போர்டின் தலையில் எழுதுங்கள். ஏற்கனவே 18 இருந்தால் 12-ஐத் தூக்கி எறிய வேண்டாம். 6 ஆகும் வரை புதிதாக எதையும் எடுக்காமல் இருந்தால் போதும். இரண்டு வாரம் ஓடிய பிறகு 5 ஆக்கிப் பாருங்கள்.

இது இரண்டு இடத்தில் உடையும். ஒன்று, போர்டுக்கு வெளியே ரகசியமாக வேலை நடக்கும். கிட் கமிட்டை போர்டுடன் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இரண்டு, முதலாளி அறைக்குள் வந்து "அவர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கார்?" என்பார். உச்சவரம்பு நிரம்பியதால் கை காலியாக இருப்பவர் டெஸ்டிங் செய்யலாம், ரிலீஸ் தாளைத் திருத்தலாம், பக்கத்தில் இருப்பவரின் கார்டில் கூட உட்காரலாம். புதுக் கார்டு மட்டும் எடுக்கக் கூடாது. முதலாளிக்கு முன்கூட்டியே 18-ஐ 3-ஆல் வகுத்துக் காட்டிவிட்டால் அந்தக் கேள்வி வராது.

காரணம் 2: கார்டு பெரியது. 20 கார்டு பட்டியலில் ஐந்து வேலை நாளைத் தாண்டியவை எத்தனை? பாதிக்கு மேல் என்றால் வெட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். இதற்கு ஒரு உதாரணத்தைப் பிரித்தே பார்ப்போம்.

கொலுசு வியாபாரி கேட்கிறார்: "பட்டறைக் கணக்கு வேணும் தம்பி." டீமில் ஒரே கார்டாக விழுகிறது, ஆறு வாரம் என்று மதிப்பு. சிவதாபுரம் பக்கத்துப் பட்டறைக்கு வெள்ளியைக் கொடுப்பார், கொலுசாகத் திரும்பி வரும், துண்டும் தூளும் தனியாக வரும், சேதாரம் கழிக்க வேண்டும், டச் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற எண்) மாறினால் கணக்கு மாறும், கூலி தனி. வழக்கமாக வெட்டுவது எப்படி? முதலில் டேபிள்கள், பிறகு ஸ்கிரீன்கள், கடைசியில் ரிப்போர்ட். இப்படி வெட்டினால் ஐந்தாவது வாரம் வரை வியாபாரிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. குறுக்கே வெட்ட வேண்டும்:

1. வெள்ளி கொடுத்த பதிவு: தேதி, பட்டறை, எடை. வேறெதுவும் வேண்டாம். இரண்டு நாள்.
2. திரும்பி வந்த கொலுசு எடை, துண்டு எடை, பாக்கி. 1,000 கிராம் போனது, 930 கொலுசு, 50 துண்டு, பாக்கி 20. மூன்று நாள்.
3. பேசிவைத்த சேதாரத்தைக் கழித்து, அதற்கு மேல் போனால் சிவப்பில் காட்டுவது.
4. டச் மாற்றம்: 80 டச்சில் 1,000 கிராம் என்றால் சுத்த வெள்ளி 800 கிராம்.
5. கூலி.

இரண்டாவது முடிந்த அன்றே "எந்தப் பட்டறையில் என் வெள்ளி எவ்வளவு நிற்குது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அவர் உண்மையில் கேட்டதும் அதைத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு, நான்காவதை விட ஐந்தாவது முதலில் வேண்டும் என்று அவரே வரிசையை மாற்றுவார். ஒவ்வொரு துண்டும் தனியாகக் கடையில் பயன்பட வேண்டும் என்பது மட்டுமே வெட்டும் விதி. பயன்படாத துண்டு என்றால் வெட்டிய திசை தவறு.

காரணம் 3: எல்லாம் ஒருவரிடம் போய் நிற்பது. ஸ்டோர்டு புரொசீஜர் (டேட்டாபேஸுக்குள் எழுதிய கோடு) அவருக்குத்தான் தெரியும், பில் ஃபார்மட் அவருக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போன வாரத்தில் எத்தனை கார்டு முடிந்தது என்று பாருங்கள். பாதிக்குக் கீழே விழுந்திருந்தால், அடுத்த ஆறு வாரம் அந்தப் பகுதி வேலையில் கீபோர்டு இன்னொருவர் கையில், அவர் பக்கத்து நாற்காலியில். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும்.

காரணம் 4: பழைய கோடு. இங்கே தொட்டால் அங்கே உடைகிறது. வெளியாளைக் கூப்பிடும் எல்லையும் இதுதான்: 20-இல் ஏழோ அதற்கு மேலோ ஒரு மாதத்துக்குள் பக் ஆகத் திரும்பி வந்திருந்தால், தானியங்கி டெஸ்ட் எழுதிப் பழகிய அனுபவசாலி ஒருவர் தேவை. பணமும் எடையும் ஓடும் இரண்டு மூன்று ஸ்கிரீனுக்கு மட்டும் டெஸ்ட் எழுதச் சொல்லுங்கள். "மொத்தத்தையும் புதுசா எழுதிடலாம்" என்று அவர் தொடங்கினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

## அறிகுறி 3: ஸ்பிரின்ட் நடுவில் போன் வந்து திட்டம் கலைகிறது

சேலத்து டீம்களில் அதிகம் காணும் பழுது இது. "தம்பி, பில் வரலை" என்ற ஒரே வரியில் நான்கு பேரின் காலை நேரம் போய்விடும்.

சோதனை: போன் பக்கத்தில் ஒரு தாள், இரண்டு வாரம். யார் கூப்பிட்டார், என்ன கேட்டார், எத்தனை நிமிடம் போனது. பிறகு மூன்று கலரில் பிரியுங்கள்: வியாபாரமே நின்றுபோனது, எப்படிச் செய்வது என்ற சந்தேகம், புது ஆசை. பெரும்பாலும் நடுக் கலர்தான் தாளை நிரப்பும். வந்த தேதிகளையும் பாருங்கள். ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள் 20. அந்தத் தேதிகளை ஒட்டிப் போன் குவிந்தால் அது பழுதல்ல, காலண்டர். 9 முதல் 11, 18 முதல் 20 வரை சிவப்பில் வட்டமிட்டு, அந்த நாட்களில் ரிலீஸும் டெமோவும் வைக்காமல் விட்டாலே பாதிச் சத்தம் அடங்கும்.

வாசல் இல்லை. ஒவ்வொரு கஸ்டமரிடமும் ஒவ்வொரு டெவலப்பரின் சொந்த நம்பர் இருக்கிறது. ஒரே நம்பர், ஒரே போன், வாரம் ஒருவர் கையில். அந்த வாரம் அவருக்குக் கார்டு கிடையாது. பழைய கஸ்டமர் பழகிய பையனுக்கே கூப்பிடுவார். "அண்ணே, இந்த வாரம் போன் அவர்கிட்ட இருக்குதுங்க, இப்பவே கூப்பிடச் சொல்றேன்" என்று மாற்றிவிட வேண்டும். சட்டென்று தானே தீர்த்து வைத்தால் வாசல் மறுபடி திறந்துவிடும். ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதே சந்தேகம் மூன்று முறை. ஒரு நிமிட ஸ்கிரீன் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீடியோவுக்குப் பிறகும் வந்தால் குறை ஸ்கிரீனில். பட்டனின் பெயரை மாற்றுங்கள்.

முதலாளியே வேலை கொண்டுவருகிறார். கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது "வியாழக்கிழமை கொடுத்துடறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருவார். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். விதி ஒன்று: ஒரு கார்டை உள்ளே வைக்கலாம், அதே அளவுள்ள ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து வெளியே வைக்க வேண்டும். டூலில் செய்தால் இதன் வலி தெரியாது. அதனால்தான் முதல் மூன்று மாதம் சுவரும் தாளும் நல்லது.

முழு நாளையும் திட்டமிடுவது. ஐந்து பேர், 10 வேலை நாள், 50 ஆள்-நாள் என்று எடுத்து 50-க்கும் வேலை அடுக்கினால் ஸ்பிரின்ட் முதல் நாளே தோற்றுவிட்டது. போன் வைத்திருப்பவர் வாரம் 5 நாள் வீதம் 10 நாள், விடுப்பு 3, கூட்டங்களும் ரிலீஸும் 4. மிச்சம் 33. அதற்குத்தான் வேலை எடுக்க வேண்டும். (மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைத் திட்டமிடும் கூட்டத்துக்கு வைத்துவிடுங்கள். போர்டுக்கும் பேனாவுக்கும் கரன்ட் தேவையில்லை.)

இவ்வளவுக்குப் பிறகும் பாதி நேரத்துக்கு மேல் திட்டமிடாத வேலையிலேயே போகிறது என்றால் ஸ்பிரின்டை விட்டுவிடுங்கள். கான்பன் போர்டு (தவணை இல்லாமல், இடம் காலியானதும் அடுத்த கார்டை எடுக்கும் முறை), தலையில் உச்சவரம்பு, மேலே ஒரு அவசர வரி, அந்த வரியில் ஒரு நேரத்தில் ஒரே கார்டு. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 2001-இல் எழுதிய அஜைல் அறிக்கையில் ஸ்பிரின்ட் என்ற சொல்லே கிடையாது.

ஆள் எடுப்பது எப்போது: இரண்டு வாரத் தாளில் போன் நேரம் மட்டும் 60 மணியைத் தாண்டினால். ஏறக்குறைய ஒரு முழு ஆளின் சம்பளம் ஏற்கனவே அதில்தான் போய்க்கொண்டிருக்கிறது, டெவலப்பர் சம்பளத்தில். கடைக் கணக்கு தெரிந்த ஒருவரை சப்போர்ட்டுக்கு எடுங்கள். கோடு தெரிய வேண்டியதில்லை.

## அறிகுறி 4: நின்று பேசும் கூட்டம் நாற்பது நிமிடம் ஓடுகிறது

ஸ்பிரின்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் விதிநூலான ஸ்க்ரம் கைடு சொல்வது 15 நிமிடம். ஆள் ஆளாகக் கேட்காமல், போர்டில் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் நிலையில் உள்ள கார்டிலிருந்து இடப்பக்கமாக வாருங்கள். "இதை இன்று வெளியே தள்ள என்ன வேண்டும்?" என்ற கேள்வி மட்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எது தடுக்கிறது என்ற மூன்று கேள்விகளை 2020 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் தனியாகப் பேச வேண்டியதை முடிந்த பிறகு பேசட்டும். அப்படியும் நீண்டால் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். எல்லாக் கண்ணும் முதலாளி மேல் என்றால் அது கணக்கு ஒப்புவிக்கும் கூட்டம். அவர் ஒரு வாரம் வராமல் இருந்து பார்க்கட்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் டீமை இரண்டாகப் பிரியுங்கள்.

## அறிகுறி 5: சொன்ன தேதி ஒவ்வொரு முறையும் தவறுகிறது

மறுபடி 20 கார்டு. கையில் எடுத்ததிலிருந்து கஸ்டமர் கைக்குப் போகும் வரை உள்ள வேலை நாட்களைச் சிறியது முதல் அடுக்கி, 17-ஆவது எண்ணைப் பாருங்கள். அது 12 என்றால் "12 வேலை நாளுக்குள்" என்று சொல்லுங்கள். கூடி உட்கார்ந்து மதிப்பிடும் எண்ணை விட இது அதிகம் தாங்கும். தாங்காவிட்டால் கார்டுகளின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அறிகுறி 2, காரணம் 2-க்குத் திரும்புங்கள்.

ஸ்டோரி பாயின்ட் (வேலையின் அளவை மற்ற வேலைகளோடு ஒப்பிட்டுப் போடும் எண்) போடும் டீம் என்றால் ஒரு எச்சரிக்கை. அதை மணி நேரமாகவோ ரூபாயாகவோ மாற்றத் தொடங்கினால், போன மாதம் 3 இருந்த அதே வேலை இந்த மாதம் 8 ஆகும். யாரும் பொய் சொல்லவில்லை, அளவுகோல் வீங்கிவிட்டது. ஸ்க்ரம் கைடில் ஸ்டோரி பாயின்ட்டே இல்லை, போடாமல் இருக்கலாம்.

செலவு பிடிக்கும் காரணம் ஒப்பந்தம்: தொகையும் தேதியும் வேலைப் பட்டியலும் மூன்றும் கல்லில் வெட்டியது. உள்ளே எந்த முறை வைத்தாலும் இது நெரிக்கும். அடுத்த ஒப்பந்தத்திலாவது தொகையும் தேதியும் நிலையாக, பட்டியலை மட்டும் மாதம் ஒரு முறை இரு தரப்பும் மாற்றலாம் என்று வாசகம் வேண்டும். அதை எழுத ஒரு வக்கீலுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

## அறிகுறி 6: டெமோவுக்கு வருவதில்லை, வந்தால் "நல்லா இருக்கு" என்பதோடு சரி

நாள் தவறாக இருக்கலாம். காபி எஸ்டேட் மேற்பார்வையாளரை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலத்தில் கீழே வரச் சொன்னால் வர மாட்டார். வெள்ளிக்கடைக்கு தீபாவளி, அட்சய திருதியை. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வாரத்தில் ஊரே பாதி வேலைதான் செய்யும்.

இடம் தவறாக இருக்கலாம். 20 நிமிட டெமோவைக் கடைக்கே எடுத்துப் போங்கள். எஸ்டேட் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, எடை போடும் இடத்துக்கே. சிக்னல் இல்லாமல் என்ட்ரி போடும் வசதி வேண்டும் என்பது ஆபீஸ் வைஃபையில் ஒருநாளும் தெரியாது.

ஆள் தவறாக இருக்கலாம். முதலாளி பார்க்கிறார், பயன்படுத்தப் போவது கணக்குப்பிள்ளை. மௌஸை அவரிடம் கொடுத்து, நேற்றைய நோட்டிலிருந்து மூன்று என்ட்ரி போடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அங்கே ஒரு கார்டு. வாய்ச்சொல்லை எழுத வேண்டாம், அடுத்த வாரம் அந்த ஸ்கிரீனில் எத்தனை என்ட்ரி விழுந்திருக்கிறது என்று டேட்டாபேஸில் எண்ணுங்கள். பூஜ்யம் என்றால், அவர் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்.

## அறிகுறி 7: ரெட்ரோவில் போன மாதம் பேசியதையே பேசுகிறோம்

ரெட்ரோ என்பது எப்படி வேலை செய்தோம் என்று ஸ்பிரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம். முதலில் பாருங்கள்: போன கூட்டத்தில் எத்தனை முடிவு எடுத்தீர்கள்? ஏழு என்றால் அதுதான் காரணம். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு ஒரு பெயர், ஒரு தேதி, அடுத்த ஸ்பிரின்ட் போர்டில் மற்ற வேலைகளோடு ஒரு கார்டு. அடுத்த கூட்டம் அந்தக் கார்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பேச்சே வரவில்லை என்றால், பேசுவதற்கு முன் எல்லோரும் ஐந்து நிமிடம் சீட்டில் எழுதி, சீட்டைக் கலந்து இன்னொருவர் படிக்கட்டும். அப்போதும் "எல்லாம் நல்லாப் போகுது" என்றே வந்தால் அறையில் யாரோ ஒருவர் மேல் பயம் இருக்கிறது.

அஜைல் கோச் தேவைப்படும் இடம் இதுதான், அதுவும் அந்த ஒருவர் சம்மதித்தால் மட்டும். கூப்பிடும் முன் ஒரு சோதனை வையுங்கள்: "முதல் வாரம் என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து போன் தாளையும் போர்டையும் பார்க்கிறேன் என்றால் சேர்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பதவிப் பெயரோடு ஒரு சார்ட்டைத் திறந்தால் வேண்டாம். இரண்டு நாள் பயிற்சி வகுப்பைவிட, பதினைந்து நாளுக்கு ஒரு அரை நாள் என்று இரண்டு மாதம் வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் 20 கார்டு பட்டியலைப் புதிதாக எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.